நடுவில் ஆள் இல்லாமல் விட்ட வீடு: சாமான்களோடு ஒரு இரண்டு படுக்கையறை வீட்டின் நாலு வருடக் கணக்கு

சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் போன நாளில், சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் நானும், மறுபக்கம் பதினொரு மாதம் அந்த வீட்டில் குடியிருந்த கணவன் மனைவியும் உட்கார்ந்தோம். மேசையின் மேல் ஒரு வெள்ளை வட்டம் இருந்தது. சூடான பாத்திரத்தை அப்படியே இறக்கிவைத்த தடம். அதன் பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். "வட்டம் எங்களோடதுதான் சார், ஒத்துக்கறோம். கீறல் நாங்க வரும்போதே இருந்தது" என்றார் அவர். இருந்ததா இல்லையா என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அதைச் சொல்ல எங்கள் இருவரிடமும் ஒரு தாள்கூட இல்லை.

அன்று இரண்டு மணி நேரம் பேசினோம். அந்தப் பேச்சில் நடந்ததும், அதற்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டதும்தான் இந்த ஆய்வு. தரகர் இல்லாமல், சாமான்களோடு, நேரடியாகக் குடித்தனக்காரருக்கு வீடு விட நினைக்கிறவர்களுக்கு இது உதவும் என்று நம்பி எழுதுகிறேன். ஊருக்கு ஊர் வாடகை மாறும். அதனால் வெறும் வீடாக விட்டால் கிடைக்கும் மாத வாடகையை 100 என்று வைத்துக்கொண்டு, மற்ற எல்லாத் தொகையையும் அதை வைத்தே சொல்கிறேன். உங்கள் ஊர் வாடகையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

வீடும் கணக்கும்

மூன்றாவது மாடி வீடு. இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், சமையலறை, இரண்டு குளியலறை. இரண்டு வருடம் நாங்களே குடியிருந்தோம். வேலை மாற்றலில் வேறு நகரத்துக்குப் போக வேண்டியதாயிற்று. திரும்பி வருவோமா என்று அப்போது தெரியாது. சாமான்களைத் தூக்கிக்கொண்டு போவதும் செலவு, விற்றாலும் பாதி விலை தேறாது. சரி, அப்படியே விட்டுவிடுவோம், வாடகையும் கூடக் கிடைக்கும் என்று முடிவு செய்தோம். யோசித்து எடுத்த முடிவு என்று அதைச் சொல்ல முடியாது. சாமான் அங்கே இருந்தது, அதோடு சேர்த்து வீட்டை விட்டோம், அவ்வளவுதான்.

வாடகை 120 என்று பேசினோம். மாதம் 20 கூடுதல், வருடத்துக்கு 240. கட்டில், மெத்தை, சோபா, பிரிட்ஜ், வாஷிங் மெஷின், இரண்டு ஏசி, அலமாரிகள் என்று உள்ளே இருந்ததன் மதிப்பு ஏறத்தாழ 600. இரண்டரை வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும் என்று மனக்கணக்கு போட்டேன். அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது. சாமானோடு இருக்கும் வீட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சீக்கிரம் கிளம்புகிறவர்கள். அவர்களுக்கு மூட்டை கட்டுவது சுலபம் என்பதால்தான் அந்த வீட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் 11 மாத வாடகைதான் வரும்: 1,320. வெறும் வீட்டுக்கு வருகிறவர் மூன்று வருடம் இருந்து, நடுவில் ஒரு மாதம் மட்டும் காலி என்றால், வருடச் சராசரி 1,167. ஆக உண்மையான கூடுதல் வருமானம் 240 இல்லை, 153. போட்ட 600 திரும்ப நாலு வருடம் ஆகும். அந்த நாலு வருடத்தில் மெத்தை தன் ஆயுளில் பாதியைத் தாண்டியிருக்கும், வாஷிங் மெஷின் ஒரு முறையாவது மெக்கானிக்கைக் கூப்பிட வைத்திருக்கும்.

இதைச் சொல்வது யாரையும் தடுக்க இல்லை. கூடுதல் வாடகையைப் பார்க்கும்போது காலி மாதத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்பதற்காக. பர்னிஷ்டு வீட்டில் லாபமும் நஷ்டமும் பெரும்பாலும் ஒருவர் போவதற்கும் அடுத்தவர் வருவதற்கும் நடுவில்தான் முடிவாகிறது.

மேசையில் நடந்தது

முன்பணமாக இரண்டு மாத வாடகை, அதாவது 240, என் கையில் இருந்தது. நான் கேட்ட பிடித்தம் இப்படி: ஒரு மெத்தையில் பெரிய கறை, புது மெத்தைக்கு 40. மேசையை இழைத்துப் பாலிஷ் போட 25. இரண்டு அறைக்குப் பெயிண்ட் 50. தொலைந்துபோன ஏசி ரிமோட், உடைந்த மைக்ரோவேவ் தட்டு இரண்டுக்கும் 5. வீடு முழுக்கச் சுத்தம் செய்ய 15. மொத்தம் 135. அவர்கள் தருவதாகச் சொன்னது 20. கடைசியில் 60-க்கு முடிந்தது. எதை வைத்து அந்த 60 என்று இருவருக்குமே தெரியாது. களைத்துப்போய் நின்ற இடம் அது. கிளம்பும்போது அந்த அம்மா என்னைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துச் சொன்னார்: "இந்த வீட்டை எங்க வீடு மாதிரிதான் வெச்சிருந்தோம்."

அது என்னை ரொம்ப நாள் தொந்தரவு செய்தது. மற்ற இடங்களில் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். ஜப்பானில் இதற்கென்றே அரசு வழிகாட்டி ஒன்று இருக்கிறது. குடித்தனக்காரர் எதைச் சரிசெய்து தர வேண்டும், எதை வீட்டுக்காரர் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று பொருள் பொருளாகப் பிரித்திருக்கிறார்கள். வெயில் பட்டு நிறம் மங்கிய சுவர், கட்டில் கால் பதிந்த தரை, பிரிட்ஜுக்குப் பின்னால் சுவரில் படியும் கருப்பு, நாள்காட்டி மாட்டிய குண்டூசித் துளை எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. சிகரெட் புகையில் மஞ்சளான சுவரும், உள்பலகையையே மாற்ற வைக்கும் அளவுக்குப் போட்ட திருகாணித் துளையும் குடித்தனக்காரர் பொறுப்பு. என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இன்னொன்று: சுவரில் ஒட்டும் தாளின் மதிப்பு ஆறு வருடத்தில் ஒரு யென்னாகக் குறைந்துவிடும் என்று அங்கே கணக்கு. ஏழாவது வருடம் குடித்தனக்காரரின் குழந்தை அதைக் கிழித்தால், புதுத் தாளின் முழு விலையை அவர் தலையில் கட்ட முடியாது. சாதாரணமாக வாழ்ந்ததால் வரும் தேய்மானம் குடித்தனக்காரர் கணக்கில் சேராது என்பதை 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தில் அவர்கள் எழுத்திலேயே வைத்துவிட்டார்கள்.

இங்கிலாந்திலும் முன்பணத் தகராறைத் தீர்க்கிறவர்கள் இதே மாதிரிதான் பார்க்கிறார்கள். பொருளின் வயது என்ன, நியாயமாக எத்தனை வருடம் உழைக்கும், மீதி ஆயுள் எவ்வளவு? பழைய பொருளுக்குப் பதில் வீட்டுக்காரர் புதிதாக ஒன்றைப் பெற்று லாபம் பார்க்கக்கூடாது. வரும்போது எப்படி இருந்தது என்று காட்ட வேண்டியதும் பிடித்தம் கேட்கிற வீட்டுக்காரர்தான், ஏனென்றால் அந்த முன்பணம் முடிவாகும்வரை குடித்தனக்காரருடைய பணம்.

இந்த அளவுகோலை எடுத்து என் கணக்கை மறுபடி போட்டேன். மெத்தை வாங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. எட்டு வருட ஆயுள் என்று வைத்தால் மீதி எட்டில் ஐந்து பங்கு. 40-க்கு 25. பெயிண்ட் அடித்தும் மூன்று வருடம். குழந்தை கிறுக்கியிருந்தது ஒரே ஒரு சுவரில், மற்றதெல்லாம் வெயில் மங்கலும் ஆணித் துளையும். ஒரு சுவருக்கு 6 என்று வைத்து, ஐந்து வருட ஆயுளில் மிச்சம் இரண்டு வருடம் என்று கழித்தால் ஏறத்தாழ இரண்டரை. ரிமோட்டும் தட்டும் 5, அதில் வாதமே இல்லை. சுத்தம் செய்ய 15 கேட்டேனே, அவர்கள் வரும்போது வீடு எவ்வளவு சுத்தமாக இருந்தது என்று என்னால் காட்ட முடியுமா? முடியாது. அது பூஜ்யம். மேசையும் பூஜ்யம். வட்டத்தை அவர்கள் ஒத்துக்கொண்டார்கள்தான். ஆனால் நான் கேட்டது மேசை முழுவதையும் இழைப்பதற்கு, அதற்கு முன்பு மேசை எந்த நிலையில் இருந்தது என்று என்னிடம் ஆதாரம் இல்லை. ஆக, நியாயமான பிடித்தம் 32.5. நான் எடுத்தது 60.

மீதி 27.5-ஐ அன்றே அவருக்கு அனுப்பினேன். இன்ன கணக்கு என்று நாலு வரி எழுதினேன். "கிடைத்தது சார், நன்றி" என்று பதில் வந்தது.

மேசையைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அது என் அப்பா வாங்கியது. அந்த இரண்டு மணி நேரப் பேச்சில் என் கோபத்துக்குக் காரணம் மெத்தையோ பெயிண்டோ இல்லை, அந்த வெள்ளை வட்டம்தான். குடித்தனக்காரருக்கு அது ஒரு மேசை, எனக்கு அப்படி இல்லை. எனக்குள் இருந்த விலையை அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வாரமே மேசையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நம் மனம் ஒட்டியிருக்கும் எதையும் வாடகை வீட்டில் வைக்கக்கூடாது.

ஐந்து வாரம் காலி

அவர்கள் போனதும் வாடகையை 5 சதவீதம் ஏற்றி 126 என்று விளம்பரம் போட்டேன். பார்க்க வந்தவர்கள் வந்தார்கள், போனார்கள். ஐந்து வாரம் கழித்து 120-க்கு இறங்கினேன், நாலே நாளில் ஆள் வந்தார்கள். 126 கிடைத்திருந்தால் ஒரு வருடத்தில் கூடுதலாக வந்திருக்கும் பணம் 72. காலியாகக் கிடந்த 35 நாளில் போனது 140. 5 சதவீதம் கூட்டிக் கேட்கிற யாருக்கும் இந்த எண் பொதுதான்: 18 நாளுக்கு மேல் வீடு காலியாக இருந்தால், ஒரு வருடக் குடித்தனத்தில் அந்தக் கூடுதல் கரைந்துவிடும்.

அந்த ஐந்து வாரத்தில் வேறொன்றும் நடந்தது. ஒரு இளம்பெண் கட்டடத்தின் காவலாளியிடம் வந்து, இந்த வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறாராமே, உண்மையா என்று விசாரித்திருக்கிறார். என் விளம்பரத்துப் படங்களை யாரோ எடுத்து, என் வாடகையில் பாதியைப் போட்டு, முன்பணம் அனுப்பினால் சாவி கூரியரில் வரும் என்று அவரிடம் பேசியிருக்கிறார்கள். நல்ல வேளையாக அவர் பணம் அனுப்பும் முன் நேரில் வந்து பார்த்தார். அன்றிலிருந்து படங்களின் நடுவில், வெட்டி எடுக்க முடியாத இடத்தில், வாடகைத் தொகையையே எழுதிப் போடுகிறேன். "வீட்டை நேரில் பார்க்காமல் யாரும் பணம் அனுப்ப வேண்டாம், நானும் வாங்கமாட்டேன்" என்பதுதான் விளம்பரத்தின் முதல் வரி.

வீட்டுக்காரருக்கும் வலை உண்டு. வீட்டைப் பார்க்காமலே பிடித்துவிட்டது, இப்போதே முன்பணம் போடுகிறேன், இந்த QR குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள் என்று பேசுவார்கள். பணம் வாங்குவதற்கு நாம் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, ரகசிய எண்ணும் போட வேண்டியதில்லை. அது பணம் கொடுப்பதற்கான வேலை.

தரகர் செய்த வேலை எங்கே போகிறது?

தரகுப் பணம் மிச்சம் என்றுதான் நேரடியாக விட இறங்குகிறோம். மிச்சம்தான். ஆனால் தரகர் வீட்டைக் காட்டுவதோடு நிற்பதில்லை. ஆளைப் பார்த்துச் சொல்வார், குழாய் ஒழுகினால் முதல் போனை எடுப்பார், காலி செய்யும் நாளில் இரண்டு பேருக்கும் நடுவில் உட்காருவார். அவர் இல்லாதபோது அந்த மூன்று வேலையும் வீட்டுக்காரர் தலையில் விழுகிறது. நான் இருப்பதோ இன்னொரு நகரத்தில். முதல் முறை அந்த வேலைகளை என் ஞாபகத்தை நம்பி விட்டிருந்தேன். இரண்டாவது முறை தாளில் ஏற்றினேன்.

முதலில் பட்டியல். அறை அறையாக எழுதினோம். ஒவ்வொரு பொருளுக்கும் என்ன, எப்போது வாங்கியது, இப்போது என்ன நிலை என்று மூன்று விவரம். "நல்ல நிலை" என்று எழுதுவதில் பயனே இல்லை. "சோபா, சாம்பல் நிறம், வாங்கி மூன்று வருடம், வலது கைப்பிடியில் நகம் அளவு கிழிசல்" என்று எழுத வேண்டும். குறையை எழுதும்போது குடித்தனக்காரருக்கு நம் மேல் நம்பிக்கை வருவதை நேரில் பார்த்தேன். பிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுத்து வரிசை எண்ணையும் சேர்த்தேன். சாவி எத்தனை, எந்தப் பூட்டுக்கு எது என்பதும், மின் மீட்டர், தண்ணீர் மீட்டர், கேஸ் மீட்டரின் அன்றைய எண்ணும் உண்டு. கரண்டி, தட்டை எண்ணவில்லை. அந்த அளவுக்கு எண்ணுகிற வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. சமையலறைப் பாத்திரங்களை ஒரு தொகுப்பாக எழுதி, உடைந்தால் கணக்கு இல்லை என்று போட்டுவிட்டேன்.

படங்களும் எடுத்தேன், ஆனால் அதிகம் உதவியது வீடியோதான். வாசலில் ஆரம்பித்து, பேசிக்கொண்டே, ஒவ்வொரு அலமாரியையும் திறந்து மூடி, குழாய்களைத் திறந்து காட்டி, மெத்தை உறையை விலக்கி இரண்டு பக்கமும் காட்டி, பதினெட்டு நிமிடம். அதைக் குடித்தனக்காரருக்கும் அனுப்பினேன். பிறகு ஏழு நாள் அவகாசம்: நான் விட்ட குறை எதையாவது பார்த்தால் படத்தோடு அனுப்புங்கள், பட்டியலில் சேர்க்கிறேன். நாலு குறை அனுப்பினார்கள். ஒன்று எனக்கே தெரியாது, இரண்டாவது குளியலறைக் கதவின் அடியில் மரம் ஊறிப் போயிருந்தது. சேர்த்தபின்தான் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டோம்.

எந்தச் சாமானை வைப்பது என்பதிலும் மாறினேன். இரண்டு அறைக்கும் ஒரே அளவுக் கட்டில், அப்போதுதான் மெத்தையை மாற்றிப் போட்டுக்கொள்ள முடியும். சோபாவுக்குக் கழற்றித் துவைக்கக்கூடிய உறை. கண்ணாடி மேசை வேண்டாம். சோபா வாங்கும்போது தீப் பாதுகாப்பையும் கேட்கப் பழகிக்கொண்டேன். உள்ளே இருக்கும் பாலியூரித்தேன் நுரை எரிந்தால் வரும் புகை சில நிமிடத்தில் ஆளை வீழ்த்திவிடும். பிரிட்டனில் இதற்காக 1988-லேயே விதி கொண்டுவந்தார்கள். அங்கே சாமானோடு வீடு விடுகிறவர் வைக்கும் சோபா, மெத்தை எல்லாம் அந்தத் தரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். என் ஊரில் அப்படி யாரும் கேட்கமாட்டார்கள். ஆனாலும் அந்த அறையில் தூங்குவது இன்னொருவர் வீட்டுப் பிள்ளைகள். மின் பெட்டியில் 30 மில்லியாம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் இருக்கிறதா என்று பார்த்து, அதன் சோதனைப் பொத்தானை அழுத்திக் காட்டிவிட்டுத்தான் சாவி கொடுத்தேன்.

முதல் முறை இரண்டாவது படுக்கையறையில் ஒரு அலமாரியை எங்கள் சாமானோடு பூட்டிவைத்திருந்தேன். விளம்பரத்தில் அதைச் சொல்லவில்லை. இரண்டு அறைக்கு வாடகை கொடுக்கிறவர்கள் துணி வைக்க இடமில்லாமல் பெட்டிகளைச் சுவரோரம் அடுக்கி வாழ்ந்தார்கள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது அந்த அலமாரி காலி.

இரண்டு அறை, இரண்டு நண்பர்கள்

120-க்கு வந்தவர்கள் வேலை பார்க்கும் இரண்டு நண்பர்கள். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு இப்படி ஆளுக்கொரு அறை என்று வருகிறவர்கள் நிறைய. அவர்களுக்குக் கொடுக்கத் தயங்குகிற வீட்டுக்காரர்களும் நிறைய. நான் பார்த்தது மூன்று விஷயம்தான்: வருமானத்துக்கு ஆதாரம் இருக்கிறதா, இப்போதைய வீட்டை ஏன் விடுகிறார்கள், அதற்கு முந்தைய வீட்டுக்காரர் என்ன சொல்கிறார். முந்தையவர் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இப்போதைய வீட்டுக்காரர் அவர்கள் போனால் போதும் என்று நினைத்தால் புகழத்தான் செய்வார். திருமணம், சாதி, மதம், என்ன சாப்பிடுவார்கள் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. அவை எதுவும் வாடகை நேரத்துக்கு வருமா என்பதைச் சொல்லாது. கேட்கப்படுகிறவருக்கு அந்தக் கேள்விகள் எவ்வளவு வலிக்கும் என்பதை வீடு தேடி அலைந்த நாட்களில் நான் அனுபவித்திருக்கிறேன்.

வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் வாடகை இருந்தால் தாங்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அமெரிக்க அரசுக் குடியிருப்புகளில் 1969-ல் 25 சதவீதம் என்று வைத்த வரம்பு 1981-ல் 30 ஆனது, அந்த எண் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. ஆனால் இரண்டு பேர் பகிரும் வீட்டில் அதை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். ஆளுக்கு 25 சதவீதம் வாடகையாகப் போகிற இரண்டு பேரில் ஒருவர் கிளம்பினால், மற்றவருக்கு அது 50 சதவீதம். அதனால் ஒப்பந்தத்தில் முழு வாடகைக்கும் இருவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று எழுதினோம். அதோடு ஒருவர் போனால் என்ன செய்வது என்பதையும் எழுதினோம்: ஒரு மாத அறிவிப்பு, மாற்று ஆளை அவர்களே கொண்டுவரலாம், நான் பார்த்துச் சம்மதிக்க வேண்டும், போகிறவரின் முன்பணப் பங்கைப் புதியவர் அவரிடமே கொடுத்துவிட வேண்டும், பட்டியலை அன்றைக்கு மூவரும் சேர்ந்து சரிபார்க்க வேண்டும்.

பதினாலாவது மாதம் அதுதான் நடந்தது. ஒருவருக்கு மாற்றல். மூன்று வாரத்தில் புது நண்பர் வந்தார். பட்டியல் சரிபார்ப்புதான் அதில் முக்கியம். அதைச் செய்யாமல் இருந்திருந்தால், புதியவர் தான் பார்த்திராத ஒரு உடைசலுக்கு ஒரு வருடம் கழித்துப் பதில் சொல்லியிருப்பார்.

முன்பணத்தை என் செலவுக் கணக்கோடு கலக்காமல் தனிக் கணக்கில் போட்டேன். ஜெர்மனியில் சட்டமே அப்படித்தான்: மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது, குடித்தனக்காரர் அதை மூன்று தவணையில் கட்டலாம், வீட்டுக்காரர் தன் பணத்திலிருந்து பிரித்து வைக்க வேண்டும். இங்கிலாந்தில் 2007 ஏப்ரல் முதல் அது பாதுகாப்புத் திட்டத்துக்குள் வர வேண்டும். இந்தியாவின் 2021 மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாதம் என்று வரம்பு சொல்கிறது. நம்மை யாரும் கேட்காத இடத்திலும் தனிக் கணக்கு நல்லது. காலி செய்யும் நாளில் பணத்துக்கு அலைய வேண்டியதில்லை.

வீட்டுக்குள் போவதைப் பற்றியும் எழுதிவைத்தேன். முதல் குடித்தனத்தின்போது அந்தப் பக்கம் போனவன் இரண்டு முறை சொல்லாமல் போய் மணியடித்தேன். உள்ளே என் சாமான் இருக்கிறது, பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு நினைப்பு. கதவைத் திறந்த அந்த அம்மாவின் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. இப்போது குறைந்தது 24 மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும், அவர்களுக்குத் தோதான நேரத்தில்தான் வருவேன் என்பது ஒப்பந்தத்தில் இருக்கிறது. இங்கிலாந்துச் சட்டத்திலும் இந்தியாவின் மாதிரிச் சட்டத்திலும் அதே 24 மணி நேரம்தான்.

பழுதைப் பொறுத்தவரை விதி எளிது. வயதானதால் கெட்டால் என் செலவு, தவறாகப் பயன்படுத்திக் கெட்டால் அவர்கள் செலவு, பல்பு, பேட்டரி, ஏசி வடிகட்டியைச் சுத்தம் செய்வது அவர்கள் வேலை. 5 வரையிலான பழுதை என்னைக் கேட்காமலே சரிசெய்து, ரசீதை அனுப்பி வாடகையில் கழித்துக்கொள்ளலாம். சமையலறை அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டினேன். தண்ணீர் முழுவதையும் நிறுத்தும் வால்வு எங்கே என்று படம், மின் பெட்டியில் எந்த சுவிட்ச் எந்த அறைக்கு, பிளம்பர், எலக்ட்ரீஷியன் எண்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொன்றரைக்கு வாஷிங் மெஷினுக்குத் தண்ணீர் வரும் குழாய் பிய்த்துக்கொண்டது. என் போன் அமைதியில் இருந்தது, நான் பார்த்தது காலை ஆறு மணிக்கு. மூன்று செய்தி இருந்தன: குழாய் பிய்ந்த படம், வால்வை மூடிய படம், "காலையில் பிளம்பர் வருகிறார், கீழ் வீட்டில் கேட்டோம், அங்கே ஒழுகவில்லை." அந்தத் தாள் இல்லையென்றால் கீழ் வீட்டுக் கூரைக்கும் நான்தான் பதில் சொல்லியிருப்பேன்.

ஒன்றில் மட்டும் தவறினேன். இரண்டாவது படுக்கையறை அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டி வைத்திருந்தேன். மழைக்காலத்தில் அதன் முதுகில் பூஞ்சை பிடித்து, உள்ளே இருந்த துணிக்கும் ஏறியது. ஈரப்பதம் நாள்கணக்கில் 60 சதவீதத்துக்கு மேல் நின்று காற்றும் ஓடாவிட்டால் பூஞ்சைக்கு அது போதும். அவர்கள் ஜன்னலைத் திறப்பதில்லை என்று சொல்லத்தான் முதலில் வாய் வந்தது. ஆனால் அலமாரியை அங்கே வைத்தவன் நான். துணி வெளுக்கும் செலவைக் கொடுத்து, அலமாரியைச் சுவரிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் நகர்த்தி வைத்தேன்.

இரண்டாவது முறை காலி செய்த நாள்

இருபத்தாறு மாதம் இருந்தார்கள். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு நான் ஒரு முறை வந்து, பட்டியலோடு வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். எதைச் சரிசெய்துகொண்டால் பிடித்தம் வராது என்று அப்போதே சொல்லிவிட்டேன். அவர்கள் ஒரு கதவுக் கைப்பிடியை மாற்றினார்கள், சமையலறைப் புகைபோக்கியைச் சுத்தம் செய்ய ஆள் வைத்தார்கள். கடைசி நாளில் தாளை வைத்துக்கொண்டு அறை அறையாக நடந்தோம். சோபாவின் கிழிசல் இப்போது நகம் அளவிலிருந்து விரல் அளவுக்கு வளர்ந்திருந்தது. ஐந்து வருடம் ஆன சோபா, உட்கார்ந்தால் வளரத்தான் செய்யும், அதை விட்டுவிட்டோம். ஒரு மெத்தையில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தடம். நான் பட்டியலில் வாங்கிய தேதியைப் பார்ப்பதற்குள் அவரே போனில் கணக்குப் போட்டுவிட்டார்.

"எட்டு வருஷம்னு போட்டா மிச்சம் கால் பங்கு சார். 40-ல பத்து. சரியா?"

"சரி" என்றேன். சாவியை எண்ணி வாங்கினேன், மூன்று மீட்டரையும் படம் எடுத்தோம். 230-ஐ நான் அனுப்பியபோது அவர்கள் இன்னும் பெட்டிகளை லிஃப்டில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மொத்தம் நாற்பது நிமிடம். அடுத்த குடித்தனக்காரர் அன்று மாலையே வீட்டைப் பார்க்க வந்தார், இவர்கள்தான் கீழே நின்று அவருக்கு வழி சொன்னார்கள். அவருக்கு நான் முதலில் கொடுத்தது அந்தப் பட்டியலின் புதுப் பிரதி. அதில் மெத்தைக்கு நேராக எழுதியிருந்தது: வாங்கி ஆறு வருடம், இடது ஓரத்தில் உள்ளங்கை அளவு சுட்ட தடம், ஒரு மாதத்துக்குள் வீட்டுக்காரர் மாற்றித் தருவார்.